முந்தானையில் முடிந்த விதை

இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் யூலை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஆகஸ்டில் திரும்பாதவை குறைவு. திரும்பும்போது பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவரை ஒருவர் நாம் கேட்டுக்கொள்வதில்லை. ஒடியல் மா, பினாட்டு, மிளகாய்த்தூள் போன்றவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை. பேச்சு உயிருள்ள பொருட்களைப் பற்றியது. முருங்கைக்காய், கறிவேப்பிலைக் கொத்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், கடதாசியில் மடித்த கீரை விதை. இவற்றை உரிய சான்றிதழ் இன்றிச் சுவிற்சர்லாந்துக்குள் கொண்டுவருவது 2020 சனவரி முதலாந் திகதியிலிருந்து தடை. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து பயணப் பெட்டியில் வரக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், துரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம். விதை அந்தப் பட்டியலில் இல்லை.

தெரிந்தும் கொண்டுவருகிறோம். "ஒரு பிடிதானே" என்கிறோம். அந்த ஒரு பிடியைப் பற்றி எமது வீட்டில் 2023 ஆம் ஆண்டு கோடையில் நடந்த வழக்கை இங்கே எழுதுகிறோம். தீர்ப்புச் சரியா பிழையா என்பதை வாசகர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் எமது தாயார் மூன்று மாத விசாவில் வந்தார். விசாவுக்காக முப்பதாயிரம் பிராங்குக்கு உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தோம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்; அது பின்னால் வரும். விமான நிலையத்தில் பச்சை வழியால் சிரித்துக்கொண்டு வந்தவர், வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து முடித்த பின் சேலைத் தலைப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவு கறுத்த, மினுங்குகிற, கடுகிலும் சிறிய விதை. சிவப்புத் தண்டங்கீரை.

கடையில் வாங்கிய விதை அல்ல அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கியபோது எமக்குப் பதினைந்து வயது. கோப்பாயிலிருந்து சாவகச்சேரிப் பக்கம் போக ஒரு முழு இரவும் அடுத்த நாளிற் பாதியும் சென்றன. அன்றைக்கும் தாயாரின் முந்தானையில் இதே விதை இருந்தது. அடுத்த வருடம் வீட்டுக்குத் திரும்பியபோது கூரை இல்லை. கிணற்றடியில் இந்தக் கீரையைத்தான் முதலில் விதைத்தார். இருபத்தொரு நாளில் பிடுங்கிக் கடைந்து சோறோடு தந்தார். இப்படியான விதையைப் பார்த்து எந்த மகன் சட்டம் பேசுவான்?

பேசினோம். பேசியிருக்க வேண்டாம் என்று அன்றிரவே தோன்றியது. பன்னிரண்டு வயது மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம்மா கள்ளக் கடத்தலா செய்தவ?" என்று கேட்டாள். துணைவியார் மகளை உள்ளே அனுப்பினார். தாயார் எம்மை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இது:

"தம்பி, நீ இந்த நாட்டுக்கு வரேக்க என்ன கடுதாசியோட வந்தனி?"

இந்தக் கேள்விக்கு எம்மிடம் அன்று பதில் இருக்கவில்லை. 2010 ஆம் ஆண்டு நாம் வந்தது வேறொருவருடைய கடவுச்சீட்டில். இதை மறைப்பதற்கில்லை, வாசகர்களில் பலரும் அவ்வாறே வந்தவர்கள். மனிதன் பொய்ப் பத்திரத்தில் எல்லை கடக்கலாம், கீரை கடக்கக் கூடாதா? கேட்டவர் படிக்காத கிழவி என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி. விதையை ஒரு சிறிய போத்தலில் போட்டு, வரிப் பத்திரங்கள் வைக்கும் இலாச்சிக்குள் வைத்தோம். இரண்டு கிழமை அது அங்கேயே இருந்தது.

எமக்கு நகருக்கு வெளியே, புகையிரதப் பாதையோரம், ஒரு சிறு தோட்டத் துண்டு வாடகைக்கு இருக்கிறது. இந்நாட்டவர் பமிலியன்கார்ட்டன் என்று சொல்லும் வகை. வேலியின் உயரம், கொட்டிலின் அளவு, ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாதிருத்தல், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அங்கே மே நடுப்பகுதியில் வரும் 'ஐஸ் புனிதர்' நாட்கள் கழியும்வரை குளிர் தாங்காத எதையும் நடமாட்டார்கள். கடைசிப் புனிதை சோபியின் நாள் மே 15. தாயார் வந்தபோது அந்த நாட்கள் கழிந்துவிட்டன. தண்டங்கீரை வெயிலை விரும்பும் பயிர். யூனில் விதைத்தால் யூலையில் சாப்பிடலாம். மண் தயாராக இருந்தது. விதை இலாச்சிக்குள் இருந்தது. தாயார் ஒவ்வொரு நாளும் அந்த வெறும் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தார்.

நாம் தொழிலால் கணக்காளர். (வந்து ஆறு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிய பின்தான் இங்கே மறுபடியும் அந்தத் தொழில் கிடைத்தது.) ஆகவே எமக்கு முதலில் கைகொடுத்தது கணக்கியல்தான். பொருண்மை என்று ஓர் எண்ணக்கரு உண்டு. கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றாத அளவுக்குச் சிறியதான தொகையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்பது அது. பத்துப் பிராங் கொடுத்து வாங்கிய தாள் தைக்கும் கருவி பத்து வருடம் உழைக்கும். அதற்காக அதைச் சொத்தாக எழுதி வருடாவருடம் பெறுமானத் தேய்வு போடுவாரில்லை. ஒரு தேக்கரண்டி விதையும் அப்படித்தானே என்று இரண்டு நாள் எம்மை நாமே சமாதானப்படுத்தினோம்.

ஆனால் அந்த வாதம் தன் காலிலேயே இடறி விழுகிறது. பொருண்மை, பிழைக்குச் சலுகை தருகிறது. வேண்டுமென்று செய்ததற்குத் தருவதில்லை. தொகை சிறிதென்றாலும் அது தெரிந்து மறைக்கப்பட்டது என்றால் கணக்காய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். அன்றியும், பத்துப் பிராங் கருவி குட்டி போடாது. விதை போடும். தண்டங்கீரை விதையில் ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் இருக்கும். சிறியது என்று எதை வைத்துச் சொல்வது?

இதை எமது ஊர்க்காரருக்கு விளக்கவும் வேண்டுமா? பார்த்தீனியத்தை அறியாதவர் யார்? 1987 இல் இந்திய இராணுவம் வந்தபோது அவர்களுடைய ஆடுகளோடும் தீவனத்தோடும் வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தச் செடி, வெண்காயத் தோட்டங்களுக்குள்ளும் ஒழுங்கைகளிலும் புகுந்து, தொட்டவருக்குத் தோற்கடியும் தும்மலும் தந்து, இன்றுவரை போகவில்லை. யாரும் திட்டமிட்டுக் கொண்டுவந்ததல்ல. அதன் உறவுச் செடியான அம்புரோசியா இந்த நாட்டில் பரவியதற்கு ஒரு காரணம் பறவைத் தீனி. குளிர்காலத்தில் குருவி பட்டினி கிடக்கக் கூடாதென்று இரக்கப்பட்டு வாங்கிப் போட்ட தீனியில் அதன் விதை கலந்திருந்தது. அதன் மகரந்தம் சுவாச நோய் தருவது. கண்டால் அறிவித்துப் பிடுங்கியாக வேண்டுமென்று 2006 இல் சட்டமே போட்டார்கள். இரக்கத்தால் வந்த களை என்பதனால் அது குறைவாகத் தும்ம வைக்கவில்லை.

கறிவேப்பிலையின் கதை இன்னும் கிட்டியது. கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் குடும்பம். அவற்றில் வாழும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். தோடை மரங்களைப் பச்சை நோயில் அழிக்கும் கிருமியைக் காவுவது அந்தப் பூச்சிதான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005 இல் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் அங்குள்ள தோடைத் தொழில் எழும்பவேயில்லை. நாம் பெட்டிக்குள் ஈரத்துணியில் சுற்றி வைக்கும் கொத்து இத்தாலியத் தோட்டக்காரன் ஒருவனுக்கு என்னவாகத் தெரியும் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

இவ்வளவும் எழுதினாலும் தாயாரின் கேள்வி அப்படியே நின்றது. அவர் கீரையால் கேடு வராது என்று சொல்லவில்லை. பசித்தவன் எல்லை தாண்டினது சரியென்றால், ஆசைப்பட்டவள் தாண்டினது ஏன் பிழை என்று கேட்டார். "அது உயிருக்காக, இது நாவுக்காக" என்று பதில் சொல்லலாம். துணைவியார் அப்படித்தான் சொன்னார். அது பாதிப் பதில். ஊரையும் கூரையையும் இழந்த ஒருத்தி தன் கிணற்றடிக் கீரையை மகன் வீட்டு மண்ணில் பார்க்க விரும்புவதை நாக்கு என்று சொல்லிக் கடக்க எமக்கு மனம் வரவில்லை.

மறுபாதி எமக்கு 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கிடைத்தது. சுவிற்சர்லாந்து அதில் 1955 இல் சேர்ந்தது. அதன் 31 ஆவது உறுப்புரை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரே ஓடிவந்தவர் முறைகேடாக எல்லை கடந்ததற்காகத் தண்டிக்கப்படலாகாது என்கிறது. அது எம்மில் எல்லோருக்கும் தெரியும். அந்த வசனம் அங்கே முடிவதில்லை என்பது எமக்கே மறந்து போயிருந்தது. வந்தவர் தாமதமின்றித் தாமாகவே அதிகாரிகளிடம் போய், தக்க காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்துத்தான் அது முடிகிறது.

அதைப் படித்தபோது குறொய்ஸ்லிங்கன் முகாமின் யன்னல் நினைவுக்கு வந்தது. அங்கே நாம் பேசிய முதல் வசனம், "இந்தக் கடவுச்சீட்டு என்னுடையதல்ல" என்பது. அதைச் சொல்லக் கால் நடுங்கியது. ஆனால் சொன்ன பின்புதான் எமது பெயரைக் கேட்டார்கள். சொந்தப் பெயரைச் சொன்னோம். நாம் எல்லையைக் கடந்த விதம் சரியாகியிருந்தால் அது அந்த யன்னலில் சரியானது, விமானத்தில் அல்ல. பொய்யோடு வந்தவனுக்கும் பொய்யோடு இருப்பவனுக்கும் இடையில் ஒரு யன்னல் இருக்கிறது. விதைக்கும் அப்படி ஒரு வாசல் இருந்தது, சிவப்பு வழி. தாயார் அதை அறியவில்லை, அவர்மேல் குற்றமில்லை. ஆனால் இரண்டு கிழமையாக எமது இலாச்சிக்குள் இருக்கும் விதையைப் பற்றி நாம் அறியாதவர்கள் அல்ல.

கன்டோனின் தாவரப் பாதுகாப்புப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தோம். எடுக்குமுன் உத்தரவாதப் பத்திரம், தாயாரின் விசா, எமது பிரசாவுரிமை விண்ணப்பம் எல்லாம் மனதில் ஓடின. அப்படியானால் நாம் செய்தது அறமா, அல்லது அச்சமா? நேர்மையாகச் சொன்னால் இரண்டும் கலந்திருந்தன. எந்த விகிதத்தில் என்று இன்றும் எம்மால் ஐந்தொகை போட முடியவில்லை. பயத்தில் தொலைபேசியை எடுக்காமலும் விட்டிருக்கலாம் என்பது மட்டும் தெரியும். மறுபக்கத்தில் பேசிய பெண்மணி கோபிக்கவில்லை. விதையை உரக்குழியில் போட வேண்டாம், கட்டிய பையில் வீட்டுக் குப்பையோடு போடுங்கள், அது எரிக்கப்படும் என்றார். எரியக்கூடிய குப்பையை இந்நாட்டில் 2000 ஆம் ஆண்டிலிருந்து மண்ணில் புதைப்பதில்லை.

அந்த மாலை நாமே அதைச் செய்தோம். தாயாரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். 1995 இல் ஷெல் வீச்சுக்குத் தப்பிய விதையைக் கட்டணப் பைக்குள் போடும்போது கை கூசியது. ஊர் வீட்டுச் சாமியறையில் இன்னொரு போத்தல் விதை இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். அது இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எம்மை யாரும் கேட்க வேண்டாம். தாயார் இரண்டு நாள் எம்மோடு கதைக்கவில்லை. மகளோடு மட்டும் கதைத்தார்.

மூன்றாம் நாள் பக்கத்துத் துண்டுக்காரரான எண்பது வயது சுவிஸ் அம்மையார், வெறும் பாத்தியைப் பார்த்துவிட்டுப் பத்துப் பதினைந்து மங்கோல்ட் கன்றுகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். தண்டு சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஆங்கிலேயர் இதைச் சுவிஸ் கீரை என்பார்கள். இது தோன்றியதோ மத்தியதரைக் கடற்கரையில். சுவிஸ்காரர் தாங்கள் சுவிஸ் என்று சொல்வதில்லை. மங்கோல்ட் அல்லது கிறவுட்ஸ்டீல் என்கிறார்கள். கிறவுபுண்டன் மலைநாட்டில் இதன் இலையில் மாவுருண்டையைச் சுற்றிக் காப்புன்ஸ் என்று ஓர் உணவு செய்வார்கள். இங்கே இருப்பவற்றில் எத்தனை அசலாக இங்கேயே பிறந்தவை என்று கேட்கத் தொடங்கினால் அந்த விசாரணை எங்கே போய் முடியுமோ.

தாயார் அதை நட்டார். யூலை நடுவில் வெளி இலைகளை முறித்து வந்து கழுவினார். உள் குருத்தை விட்டால் திரும்பத் திரும்ப வரும் பயிர் இது, பனிவரைக்கும் முறிக்கலாம். கழுவிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின் தண்டைத் தனியாக வெட்டிப் பருப்போடும், இலையைப் பச்சைமிளகாயும் வெண்காயமும் போட்டுத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்தும் வைத்தார். சட்டியில் பால் சிவந்து வந்தது. "இது எங்கட சாதிதான்" என்றார்.

தாவரவியலாளரும் அதையே சொல்கிறார்கள். மங்கோல்டும் பீற்றூட்டும் ஒரே இனம். அவையும் எமது தண்டங்கீரையும் பொன்னாங்காணியும் ஒரே குடும்பம். இவற்றின் சிவப்பும் மஞ்சளும் பீற்றலைன் என்னும் ஒருவகைச் சாயம். சிவப்புக் கோவாவிலும் சிவப்புச் சலாது இலையிலும் உள்ள சாயம் வேறு. இரண்டு சாயமும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதில்லை. நீரில் கரைவதால் வெட்டிய பின் நெடுநேரம் ஊறவிடக் கூடாது. (சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் இந்தக் குடும்பத்துக் கீரைகளை அளவோடு சாப்பிட வேண்டும், வைத்தியரைக் கேளுங்கள்.) தாயார் இவை எதையும் படிக்கவில்லை. கழுவிய தண்ணீரில் கண்டுபிடித்தார்.

அதே யூலைக் கடைசியில் இன்னொன்று நடந்தது. விமான நிலையம் இருக்கும் குளோட்டன் நகரில் யப்பான் வண்டு கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அல்ப்ஸ் மலைக்கு வடக்கே அதுவே முதல் தடவை. 2017 இல் தெசின் மாநிலத்தில் தலைகாட்டிய பூச்சி. ஒரு சென்ரிமீற்றர்தான் நீளம். பச்சையாய் மினுங்கும் கழுத்து, செப்பு நிற முதுகு, ஓரங்களில் வெள்ளை மயிர்க் குஞ்சங்கள். முந்நூறுக்கு மேற்பட்ட செடிகளின் இலையை நரம்பை மட்டும் விட்டுத் தின்னும். புற்றரைகளுக்கு நீர் விடத் தடை வந்தது, ஏனெனில் அது ஈரப் புல்லில் முட்டையிடும். வெட்டிய புல், செடி எதையும் அந்த வலயத்துக்கு வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. அறிவித்தலில் இருந்த படத்தை மகள் அப்பம்மாவுக்குக் காட்டி, தமிழில் வாசித்துச் சொன்னாள்.

தாயார் எம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாம் சொன்னது சரியாகப் போயிற்று என்று அந்தக் கணத்தில் எமக்குள் ஒரு சிறிய சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்கிறோம். அடுத்த கணமே வெட்கமாகவும் இருந்தது. யப்பான் வண்டு எந்தக் கிழவியின் கீரை விதையோடும் வருவதில்லை. அது வந்ததால் நாம் செய்தது சரியாகவும் இல்லை. வராமல் விட்டிருந்தால் பிழையாகியிருக்கவும் மாட்டாது. வருட முடிவில் இலாபம் வந்தது என்பதற்காகப் பொய்க் கணக்கு உண்மைக் கணக்கு ஆகிவிடாது அல்லவா. அந்தத் தொலைபேசி எடுத்த யூன் மாத மாலையில் எமக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் எம்மைத் தீர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் நடுவில் தாயார் புறப்பட்டார். முதல் நாள் மாலை சுவிஸ் அம்மையார் வந்து, தன் துண்டில் போன வருடம் பூக்கவிட்டுச் சேகரித்த மங்கோல்ட் விதையை ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார். உறையின் மேல் நடுங்கும் எழுத்தில் நிறங்களின் பெயர்களை எழுதியிருந்தார். தாயார் இரண்டு கையாலும் வாங்கினார். அவர் போன பின், உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அங்கயும் இதுக்கொரு கடுதாசி வேணுமோ?"

இலங்கையிலும் உண்டு, 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். வெளிநாட்டு விதைக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

"வேணும் அம்மா."

கொஞ்ச நேரம் உறையின் மேல் இருந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து போய், அந்த இலாச்சியைத் தானே இழுத்து, வரிப் பத்திரங்களின் மேல் அதை வைத்தார். "அடுத்த சித்திரையில நீ போடு. படம் எடுத்து அனுப்பு" என்றார்.